எந்தப் பிள்ளையார் கோயிலடி? அவசர அழைப்பை இணையத்துக்கு மாற்ற திருகோணமலைக்கு எந்த வழி பொருந்தும்

போன வருடத்துக்கு முந்திய மாரியில் ஓர் இரவு, பத்தரை மணி இருக்கும், சாம்பல்தீவில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி அடுப்படி வாசலில் சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது. பாரிசவாதம் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அவசர எண் ஒன்றுக்குக் கோல் எடுத்தேன். முதலில் சிங்களத்தில் கேட்டார்கள், பிறகு தமிழ் தெரிந்த ஒரு பிள்ளையிடம் மாற்றினார்கள், அந்தப் பிள்ளை பொறுமையாகத்தான் கேட்டது.

"எந்த இடம் அண்ணா?"

"சாம்பல்தீவு."

"பக்கத்தில் அடையாளம் ஏதும்?"

"பிள்ளையார் கோயிலடி."

"எந்தப் பிள்ளையார் கோயிலடி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையார் கோயிலடி என்றால் போதும். திருகோணமலை மாவட்டத்தில் பிள்ளையார் கோயிலடியும், பள்ளிவாசலடியும், பாலத்தடியும், பழைய சந்தையடியும் எத்தனை என்று யார் எண்ணியிருக்கிறார்கள்? வண்டி நிலாவெளிப் பக்கம் வேறொரு கோயிலடியில் போய் நின்றது. நான் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடினேன். "உங்கட லைட் தெரியேல்லையே" என்கிறார் சாரதி. மழை, என் போனில் சார்ஜ் 9 வீதம், எந்த நேரமும் செத்துவிடும்.

மாமி இப்போது நடக்கிறார், ஒரு கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் பலன், அதிலும் முந்த முந்த நல்லது. அந்த இரவில் நான் எங்கே நிற்கிறேன் என்பது என் கையில் இருந்த போனுக்குச் சில மீட்டர் பிசகில் தெரிந்திருந்தது. வண்டியை அனுப்ப வேண்டியவர்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கோல் வந்து சேரும் முறை அப்படி.

அவசர அழைப்புகளை இணைய வழி வலையமைப்புக்கு மாற்றுவது பற்றி உலகமெங்கும் பேசுகிறார்கள், செய்கிறார்கள், சில இடங்களில் செய்து கையைச் சுட்டும் இருக்கிறார்கள். நமக்கும் அது வரத்தான் போகிறது. எந்த வடிவில் வர வேண்டும் என்று எங்கள் மாவட்டத்தில் இருந்து பார்த்து எழுதுகிறேன்.

முதலில் இருக்கிற நிலை. பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. இதில் 1990 சுவசெரிய 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கி, 2018இல் தனிச் சட்டத்தின் கீழ் வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. காசு இல்லை, ஏழை வீட்டு வாசலுக்கும் வருகிறது. இந்த நாட்டில் கடந்த பத்து வருடத்தில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். ஆனால் எந்த எண்ணுக்கு எடுத்தாலும், பழைய முறையில் போய்ச் சேருவது நம் குரலும் நம் போன் நம்பரும்தான். கூடவே எந்த டவர் வழியாக வந்தது என்று கம்பனிக்குத் தெரியும். நகரத்துக்குள் அது ஓரளவு உதவும். குச்சவெளிக்கு அங்காலோ வெருகல் பக்கமோ ஒரு டவரின் எல்லை பல கிலோமீட்டர், அதை வைத்து வீட்டைத் தேட முடியாது.

முதல் வழி, இருப்பதைத் தட்டித் திருத்தி ஓட்டுவது. செலவு குறைவு, எல்லாருக்கும் பழகியது. பழைய செம்புக் கம்பி லைனுக்கு ஒரு பெரிய நன்மையும் இருந்தது: எக்ஸ்சேஞ்சில் உள்ள பற்றரியில் இருந்தே போனுக்கு 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் போன் உயிரோடு இருக்கும். ஆனால் உலகம் முழுக்க அந்தக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கான சாமான்களைப் புதிதாகச் செய்பவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். இன்னொரு பெரிய கோளாறு, மையத்துக்கு இத்தனை லைன் என்று அளந்து வைத்திருப்பது. பத்து லைன் இருந்தால் பதினோராவது ஆளுக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். சாதாரண நாளில் இது பிரச்சினையாகத் தெரியாது. 2004 டிசம்பர் 26 காலை போன்ற ஒரு நாளில், ஒரு கரை முழுவதும் ஒரே நேரத்தில் கோல் எடுக்கும்போது, அளந்து வைத்த லைன் எந்த மூலைக்குக் காணும்? இந்த வழியை நான் தள்ளிவிடுகிறேன், இன்னும் பத்து வருடம் இதிலேயே இருக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாவது, ஆப். 1990க்கே ஆப் உண்டு, இடத்தை அனுப்பும். நல்லதுதான், வைத்திருங்கள். ஆனால் மாமியின் போனில் அது இல்லை. விழுந்த பிறகு யாரும் டவுன்லோட் பண்ணப் போவதில்லை. டேட்டா முடிந்திருந்தால் அதுவும் போச்சு. ஆப் ஒரு துணை, அதையே மாவட்டத்தின் முறையாக நம்ப முடியாது.

மூன்றாவது வழி பற்றி நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏ.எம்.எல். என்பார்கள், நீட்டினால் அட்வான்ஸ்ட் மொபைல் லொகேஷன். 2014இல் பிரித்தானியாவில் தொடங்கியது. நீங்கள் அவசர எண்ணை அழுத்தியவுடன் போன் தானாகவே ஜி.பி.எஸ்.ஸையும் வைஃபையையும் எழுப்பி, சுமார் இருபது செக்கனுக்குள் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும். நீங்கள் ஒன்றும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை, அனுப்பியதே உங்களுக்குத் தெரியாது, கோல் முடிய லொகேஷன் பழையபடி அணைந்துவிடும். 2016இல் கூகுள் இதை அண்ட்ரொய்ட் போன்களுக்குள்ளேயே வைத்துவிட்டது, 2018இல் ஐஃபோனிலும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச்சுக்குப் பிறகு விற்கும் ஒவ்வொரு ஸ்மார்ட்போனும் அவசர அழைப்பில் இடத்தை அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அதாவது திருகோணமலையில் பெரும்பாலானோர் கையில் உள்ள போனில் அந்த வேலைக்கான கருவி ஏற்கனவே கிடக்கிறது. நாட்டின் பக்கத்தில் அதைத் திறந்துவிட வேண்டும், வரும் குறுஞ்செய்தியை வாங்கும் ஒரு சேர்வர் வேண்டும், அதை மையத்தின் திரையில் வரைபடத்தில் புள்ளியாகக் காட்ட வேண்டும். வலையமைப்பைப் புரட்டிப் போடத் தேவையில்லை. ஒரு நுணுக்கம் இருக்கிறது: எந்த எண்கள் அவசர எண்கள் என்று போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 112 உலகப் பொதுவானது, போனுக்குத் தெரியும். 1990 போன்ற நாலு இலக்க எண்ணைச் சாதாரணக் கோலாகவே போன் நினைத்தால் இந்த வேலை எதுவும் நடக்காது. ஆகவே போன் கம்பனிகளும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சரி செய்ய வேண்டும். அது காசை விடக் கடதாசி வேலை.

குறையும் சொல்ல வேண்டும். பட்டன் போன் இதைச் செய்யாது. எங்கள் பக்கத்தில் வயதானவர்களிடமும், வள்ளத்தில் போகிறவர்கள் பலரிடமும் இருப்பது பட்டன் போன்தான், உப்புத் தண்ணீர் பட்டாலும் பெரிய நட்டமில்லை என்பதற்காக. அப்புறம், இடம் தெரிந்தாலும் லைன் எங்கேஜ் என்றால் எங்கேஜ்தான். ஏ.எம்.எல். அதைத் தீர்க்காது.

அதைத் தீர்ப்பது நாலாவது வழி, முழு இணைய வலையமைப்பு. அமெரிக்காவில் நெக்ஸ்ட் ஜெனரேஷன் 911 என்கிறார்கள், 911 அங்கே அவசர எண். 1968 பெப்ரவரியில் அலபாமாவின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் முதல் 911 கோல் எடுக்கப்பட்ட காலத்து முறையை முழுதாகக் கழற்றி, அவசர சேவைகளுக்கென்றே தனியான ஓர் இணைய வலையைப் போட்டு, அதன் மேல் கோலை ஓடவிடுவது. கோலோடு இடமும் சேர்ந்தே பயணம் செய்யும். எந்த எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்தது என்று பார்க்காமல், ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்து எந்த மையத்துக்கு அனுப்புவது என்று வலையே முடிவு செய்யும். காது கேளாதவர் எழுத்தில் பேசலாம், விபத்து நடந்த இடத்தில் இருந்து படம் அனுப்பலாம்.

நமக்கு இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வழிந்தோடல்: திருகோணமலை மையம் நிரம்பினால், அல்லது வெள்ளத்தில் மூழ்கினால், கோல் தானாக மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும், அங்கே எடுப்பவரின் திரையிலும் அதே வரைபடம், அதே புள்ளி. மற்றது மொழி. இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பெரும்பான்மையோர் தமிழ் பேசுகிறவர்கள், கந்தளாய், கோமரங்கடவல, பதவிசிறிபுர பக்கம் சிங்களம் பேசுகிறவர்கள். இணைய முறையில் அழைப்போடு மொழி விருப்பத்தையும் சேர்த்து அனுப்பலாம், மூதூர்க் கோல் தமிழ் தெரிந்தவரிடமும் கோமரங்கடவலக் கோல் சிங்களம் தெரிந்தவரிடமும் நேரே போகலாம், அவர்கள் எந்த ஊரில் இருந்து வேலை செய்தாலும் சரி. மாற்றிக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அந்தப் பக்கம் மூச்சுக்குத் தவிக்கும் ஆளோடு இருந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அப்படியானால் நேரே நாலாவதுக்கே போகலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் கொழும்பில் ஒரே கட்டடத்தில் வைத்து நாட்டின் ஒவ்வொரு கோலையும் அதற்குள் ஓடவிடுவது ஒரு வகை. மேலே நின்று பார்ப்பவர்களுக்கு அது சுத்தமாகத் தெரியும், மலிவாகவும் வரும், டெண்டர் போடவும் சுகம். எனக்கு அதில் பயம் இருக்கிறது, காரணம் சொல்கிறேன்.

2014 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்தது இது. பல மாநிலங்களின் 911 கோல்களைப் பிரித்து அனுப்பும் வேலை கொலராடோ மாநிலத்தின் எங்கிள்வுட் என்ற ஊரில் இருந்த ஒரு கணினி மையத்திடம் இருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் அந்த மென்பொருள் ஒரு வரிசை எண் கொடுக்கும். அந்த எண்ணுக்கு யாரோ முன்பு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் இரவு அந்த வரம்பு வந்தது. அதற்குப் பிறகு வந்த கோல்களுக்கு எண் கொடுக்க முடியாமல் மென்பொருள் நின்றுவிட்டது. எந்த வயரும் அறவில்லை, புயல் இல்லை, கரண்ட் போகவில்லை. வாஷிங்டன் மாநிலம் முழுவதும், மொத்தம் 7 மாநிலங்களில், சுமார் 6 மணி நேரம், 6,600க்கும் மேற்பட்ட கோல்கள் போய்ச் சேரவில்லை. மயாமியில் இன்னொரு மையம் தயாராகத்தான் இருந்தது, ஆனால் தானாக அங்கே திரும்ப வேண்டியது திரும்பவில்லை. எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கணினியில் ஓர் எண் நிரம்பியதால், தன் வீட்டு வாசலில் உள்ள பொலிஸைக் கூப்பிட முடியாமல் ஆட்கள் நின்றார்கள். பழைய முறையில் கெட்டால் ஓர் ஊர் கெடும், இந்த முறையில் கெட்டால் ஒரு பிரதேசமே ஒன்றாகக் கெடும்.

பிரித்தானியாவிலும் 2023 ஜூன் 25 அன்று 999 அவசர அழைப்புச் சேவை பத்தரை மணி நேரம் தடுமாறியது. கிட்டத்தட்ட 14,000 அழைப்புகள் போகவில்லை. பதிலுக்கு வைத்திருந்த முறைக்கு அந்தச் சுமையைத் தாங்கும் அளவு போதவில்லை. மறு வருடம் அந்தச் சேவையை நடத்தும் பி.டி. நிறுவனத்துக்கு 1 கோடியே 75 இலட்சம் பவுண் தண்டம் விழுந்தது. தண்டம் போட ஓர் அமைப்பு அங்கே இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரை ஏறியது திருகோணமலைக்கு வடக்கே, திரியாய், குச்சவெளிப் பக்கமாக. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளக்காடு, நாட்டின் பல இடங்களில் டவர்கள் ஓய்ந்தன. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் எந்தப் புயலும் இல்லாமலே தீவு முழுவதும் கரண்ட் போனது. டவர் பற்றரி சில மணி நேரம்தான் தாங்கும். வீட்டில் பைபர் ரவுட்டர் கரண்ட் போன அந்த நிமிடமே கண்ணை மூடும். கோல் முழுவதும் இணையத்தில் ஓடும், அந்த இணையம் கொழும்பு வரை போய்த்தான் திரும்பும் என்று வைத்தால், மூதூரில் உள்ளவர் மூதூர் அம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு ஹபரணைக் காட்டில் ஒரு கேபிள் அறாமல் இருக்க வேண்டும்.

ஆகவே முழு இணைய முறைதான் வேண்டும், ஆனால் கிழக்குக்கென்று ஒரு கணு, அதாவது கோல்களைப் பிரித்து அனுப்பும் ஒரு மையம், இங்கேயே இருக்க வேண்டும். திருகோணமலைக்குள், வெள்ளம் ஏறாத மேட்டில், உவர்மலை போன்ற ஓர் இடத்தில். கொழும்போடு தொடர்பு அறுந்தாலும், மாவட்டத்துக்குள் எடுக்கும் கோல் மாவட்டத்துக்குள் உள்ள ஆஸ்பத்திரிக்கும் பொலிஸுக்கும் வண்டிக்கும் போய்ச் சேர அது ஒன்று போதும். செலவு கூடத்தான். மின்பிறப்பாக்கி, பற்றரி அறை, இரவு பகல் ஆள் எல்லாம் வேண்டும். அந்தச் செலவைக் குறைக்கிறோம் என்று கணுவை வெட்டிவிட்டால், மிச்சம் இருப்பது வெயில் நாளில் மட்டும் நன்றாக ஓடும் ஒரு முறை.

வெளியே போகும் பாதை விஷயத்தை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன், இதில்தான் ஏமாற்றுவது சுலபம். "இரண்டு பைபர் லைன் இருக்கிறது" என்று கடதாசியில் எழுதுவார்கள். இரண்டும் ஒரே வீதியின் ஒரே கானுக்குள், ஒரே பாலத்தின் அடியில் கட்டிய ஒரே குழாய்க்குள் போனால் அது ஒரு லைன்தான், பாலம் போனால் இரண்டும் சேர்ந்து போகும். நமக்கு நிலத்தில் மூன்று பாதை இருக்கிறது: கந்தளாய், ஹபரணை வழி, ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம் வழி, மூதூர், வெருகல் தாண்டி மட்டக்களப்பு வழி. ஒரு லைன் ஒரு பாதையிலும் மற்றது வேறு பாதையிலும் போக வேண்டும். போகிறதா என்று வரைபடத்தை விரித்து, கிலோமீட்டர் கிலோமீட்டராகக் காட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவதாகச் செய்மதி இணைப்பு ஒன்றும் கணுவில் இருக்கட்டும்.

பழைய குரல் லைன்களில் சிலவற்றையும் உடனே கழற்றக் கூடாது. புதியது வந்தவுடன் பழையதை விற்றுவிடும் அவசரம் எல்லா இடத்திலும் இருக்கிறது. பிரித்தானியாவே செம்புக் கம்பியை நிறுத்தும் நாளை 2025 இறுதியில் இருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப் போட்டது, தனியே வாழும் வயதானவர்களின் அவசர பொத்தான்கள் வேலை செய்யாமல் போகும் என்ற பயத்தில். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு ஒரு மணி நேரமாவது தாங்கும் பற்றரி கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழிகாட்டல். ஒரு மணி நேரம் நமக்கு எந்த மூலைக்கு? இங்கே ஓர் இரவாவது தாங்க வேண்டும்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையில் இருந்து கொஞ்சத் தூரம் போனால் டவர் இல்லை, அங்கே இணைய அழைப்பு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை, வீ.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சனல்தான் கடலின் அவசர எண். புதிய மையத்தில் அந்த ரேடியோவும் ஒரு மேசையில் கேட்க வேண்டும், கடற்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கும் ஊருக்கு இது பெரிய வேலை இல்லை.

ஒழுங்கு இப்படி வர வேண்டும் என்பது என் தீர்மானம்: முதலில் ஏ.எம்.எல்., இந்த வருடமே தொடங்கலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கிழக்குக் கணுவோடு முழு இணைய முறைக்கான வேலை. கணு இல்லாமல் கொழும்பை மட்டும் வைத்துத் தரும் திட்டத்துக்கு, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் சம்மதிக்கக் கூடாது.

இதற்கெல்லாம் காத்திராமல் நாமே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம சேவகர் பிரிவுகள். ஒவ்வொரு கிராம சேவகரும் தன் பிரிவில் ஆட்கள் வாயில் புழங்கும் இடப்பெயர்களை எழுதிக் கொடுத்தால் போதும்: எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிவாசலடி, எந்த ஒழுங்கை, எந்த வாய்க்கால் கட்டு. ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி. பட்டன் போனில் இருந்து பேசும் ஆச்சி "ஆலடிப் பிள்ளையார்" என்று சொன்னவுடன் திரையில் நாலு ஆலடியும் வந்து, கோல் வந்த டவருக்குக் கிட்ட உள்ளது மேலே நிற்க வேண்டும். எந்த முறையை வாங்கினாலும் இந்தப் பட்டியல் தேவைப்படும், எந்த வெளிநாட்டுக் கம்பனியும் இதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராது. சாம்பல்தீவில் நானும் இன்னும் மூன்று பேருமாகத் தொடங்கியிருக்கிறோம், இதுவரை 41 பெயர் சேர்ந்திருக்கிறது, அதில் பிள்ளையார் மட்டும் 3.

கடைசியாக, எதை வாங்கினாலும் பொறுப்பெடுக்கும் முன் ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்கள். நகரத்தில் ஏசி அறைக்குள் அதிகாரிகள் முன்னால் வேண்டாம். இரவில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கொழும்புக் கேபிளைக் கையால் கழற்றி வைத்துவிட்டு, வெருகலில் இருந்து பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவர் தமிழில் ஒரு கோல் எடுக்கட்டும். வண்டி எத்தனை நிமிடத்தில் அவருடைய படலையடிக்கு வந்தது என்று எழுதி வையுங்கள்.